மலைக்கு விலை – அத்தியாயம் 9: ஒரே மலை, மூன்று விற்பனை

சென்ற வாரம் மடுல்சீமையில் நின்றோம். 1869ஆம் வருடம், கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி பூத்திருந்தது. அந்தத் துரு நோய் பதினைந்தே வருடத்தில் இலங்கைக் கோப்பியைத் தின்று தீர்த்தது. 1884 மே மாதம், துரைமாருக்குக் கடன் கொடுத்திருந்த ஒரியண்டல் வங்கி கதவை இழுத்து மூடியது. பயிரும் போய், பணம் கொடுத்த வங்கியும் போன பிறகு, ஊவாவின் தோட்டங்கள் கிடைத்த விலைக்குக் கைமாறின.

அந்த நேரம் பார்த்து, 1890இல், கிளாஸ்கோ நகரத்து மளிகைக்காரர் ஒருவர் கொழும்பில் கப்பலிறங்கினார். பெயர் தோமஸ் லிப்டன். 1871இல் ஒரு கடையோடு தொடங்கி, பிரிட்டன் முழுக்கக் கடைகளைப் பரப்பியிருந்தவர். அவருடைய கணக்கு எளிமையானது. தேயிலையை வளர்ப்பவர், கொழும்பில் வாங்குபவர், கப்பலில் ஏற்றுபவர், லண்டன் ஏலத்தில் எடுப்பவர், கடைக்காரர் என்று ஆளுக்கொரு பங்கு இலாபம் தின்கிறார்கள். இடையில் நிற்பவர்களை விலக்கிவிட்டால் ஏழை வீட்டுக் கோப்பைக்கும் தேயிலை எட்டும். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்ன உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னயில் அவர் கட்டிய தேயிலை ஸ்டோர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மலையை வாங்கியவர் எட்டே வருடத்தில் அதை விற்பனைக்கு வைத்தார். ஆனால் ஒரு துரைக்கோ ஒரு வங்கிக்கோ விற்கவில்லை. யாருக்கு விற்றார்?

* * *

1898 மார்ச். லண்டன் நகரின் வணிகப் பகுதியில் ஒரு வங்கி வாசலில் கூட்டம் நெரிந்தது. லிப்டன் லிமிடெட் என்ற புதிய கம்பனியின் பங்குகளுக்கு அங்கே விண்ணப்பம் வாங்கினார்கள். மூலதனம் 25 இலட்சம் பவுண். கேட்டு வந்த பணமோ அதைப்போல் பல மடங்கு. பிரபுக்களும் கேட்டார்கள், கடைக் குமாஸ்தாக்களும் கேட்டார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கேட்டதில் ஒரு சிறு பகுதிதான் கிடைத்தது. பலருக்குப் பணம் திரும்பி வந்தது. அதே வருடம் லிப்டனுக்கு ‘சேர்’ பட்டமும் கிடைத்தது.

இதைத்தான் இன்று ஆரம்பப் பொது வழங்கல் என்கிறோம். பத்திரிகைகள் சுருக்கமாக ஐபிஓ என்று எழுதுகின்றன. ஒருவர் கையிலோ சிலர் கையிலோ இருக்கும் தொழிலைச் சிறு சிறு பங்குகளாக்கி, யாரும் வாங்கலாம் என்று முதல் தடவையாகப் பொதுமக்கள் முன் வைப்பது. வாங்கியவருக்கு இலாபத்தில் பங்கு உண்டு, கூட்டத்தில் வாக்கு உண்டு, வேண்டாம் என்றால் இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போகும் வசதியும் உண்டு. தம்பேதன்ன மலையை ஒருநாளும் கண்ணால் காணாத ஒரு லண்டன் குமாஸ்தா, 1898 மார்ச்சில் அந்த மலையின் ஒரு துளிக்குச் சொந்தக்காரர் ஆனார்.

அதே மாதம் தம்பேதன்னயில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்திலிருந்து கங்காணியோடு வந்த குடும்பங்கள். அந்தக் காலத்து மலையகத் தொழிலாளி பெயரிலும் ஒரு காகிதம் இருந்தது. அதற்குத் துண்டு என்று பெயர்.

ஊரிலிருந்து வரும்போது கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, கம்பளிச் செலவு எல்லாம் சேர்ந்து கடனாக நிற்கும். அந்தக் கடன் தீராமல் ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. இத்தனை ரூபா கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பதுதான் துண்டு. புதுத் தோட்டத்துத் துரை அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார்; கடன் ஆட்களோடு சேர்ந்து நடந்து போகும். 1921இல்தான் சட்டம் போட்டு இந்த முறையை ஒழித்தார்கள்.

இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லண்டனில் கைமாறிய காகிதம் அதை வைத்திருந்தவருக்கு இலாபம் கொடுத்தது. மலையில் கைமாறிய காகிதத்தில் எழுதப்பட்டிருந்தவரே கைமாறினார். ஒரே மலை, ஒரே காலம்.

கொழும்பிலும் இதற்குள் ஒரு சந்தை உருவாகியிருந்தது. 1896இல் பங்குத் தரகர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள். அவர்கள் கூவி விற்றது பெரும்பாலும் தோட்டக் கம்பனிகளின் பங்குகளைத்தான். இன்று கொழும்பு உலக வர்த்தக மையத்தில் திரையில் ஓடும் பங்குச் சந்தைக்கு விதை போட்டது தேயிலைதான்.

அந்தச் சந்தையில் மலை பல தடவை விலை பேசப்பட்டது. 1975 வரைக்கும் அந்தப் பேரம் ஓடியது; மலையில் நின்றவர் ஒருவருக்கும் அங்கே இடமில்லை. 1975இல் என்ன நடந்தது?

* * *

1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது. 1975இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. பிரிட்டனில் பதிவான ஸ்டேர்லிங் கம்பனிகளின் காலம் முடிந்தது. தோட்டங்கள் ஜனவசமவுக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் போயின. கம்பனிகளுக்கு நட்டஈடு கிடைத்தது. நான்கு தலைமுறை கொழுந்து பறித்தவர்களுக்கு எந்தக் காகிதமும் கிடைக்கவில்லை. 1948இல் அவர்களிடமிருந்து குடியுரிமையையே பறித்திருந்தார்கள். அது முழுதாகத் திரும்பக் கிடைக்க 1988, 2003 சட்டங்கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரச நிர்வாகத்தில் நட்டம் மலைபோல் குவிந்தது. 1992 ஜூன் 22ஆம் திகதி பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் பதிவாயின. 449 தோட்டங்களை 22 கம்பனிகளாகப் பிரித்தார்கள். ஊவாவில் மடுல்சீமை, பசறைப் பக்கத்துத் தோட்டங்கள் பல மடுல்சீமை பிளாண்டேசன்ஸ் கணக்கில் சேர்ந்தன. தம்பேதன்ன அக்கரப்பத்தனை பிளாண்டேசன்ஸ் கணக்கில் சேர்ந்தது. முதலில் நிர்வாகத்தை மட்டும் தனியாரிடம் கொடுத்தார்கள். 1995இல் பங்குகளையே விற்கத் தொடங்கினார்கள்.

விற்ற முறை இதுதான். ஒவ்வொரு கம்பனியிலும் நூற்றுக்கு 51 பங்கு நிர்வாகம் நடத்தும் பெரிய முதலாளிக்கு. மிச்சத்தில் பெரும்பகுதி பொது வழங்கலிலும் பங்குச் சந்தையிலும் பொதுமக்களுக்கு. நூற்றுக்கு 10 பங்கு மட்டும் ஒருவருக்கும் விற்கப்படவில்லை. அதை இலவசமாகக் கொடுத்தார்கள்.

கொடுத்தது தோட்டத் தொழிலாளருக்கு.

மலையில் நின்றவர் பெயருக்கு மலையின் பங்கு எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. துண்டுக் காலத்திலிருந்து எண்ணினால் இது சிறிய காரியமில்லை. ஒரு கம்பனிக்கு 2 கோடிப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து வீதம் 20 இலட்சம். பத்தாயிரம் தொழிலாளருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 200 பங்கு. முகப்பெறுமதி 10 ரூபா என்றால் 2,000 ரூபா. அன்றைய நிலையில் அது ஏறக்குறைய ஒரு மாதத்து உழைப்பு.

பிறகு அந்தப் பங்குகள் எங்கே போயின?

* * *

பலர் விற்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கையில் வந்தது ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள். மேலே கம்பனியின் பெயர், நடுவில் பங்கின் எண்ணிக்கை, கீழே பணிப்பாளர் கையெழுத்தும் முத்திரையும். அதை வைத்திருந்தால் வருடா வருடம் பங்கிலாபம் வரலாம், விலை ஏறலாம், கூட்டத்துக்கு அழைப்பு வரும் என்று லயத்து வாசலில் வந்து தமிழில் உட்கார்ந்து விளக்க ஆளில்லை. அதை விற்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். தரகர் மூலம் மத்திய வைப்பு முறைமையில் கணக்குத் திறக்க வேண்டும். அதற்கு அடையாள அட்டை வேண்டும். தொண்ணூறுகளில் மலையகத்தில் அது எல்லார் கையிலும் இருக்கவில்லை. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, செக்ரோலில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு எழுத்து என்று ஒரே பெயர் மூன்று விதமாக இருக்கும். தரகர் இருப்பது கொழும்பில். பதுளையிலிருந்து ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகும் தூரம். ஒரு நாள் பேரும், அதாவது அன்றைய சம்பளமும், போகும்.

பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்தும் வீட்டுக்குத் தகரமும் கண்முன் நிற்கும்போது, பத்து வருடம் கழித்து ஏறப்போகும் விலைக்காக யார் காத்திருப்பார்? உடைமையைக் கொடுத்தவர்கள் அதை ஆளும் அறிவைக் கொடுக்கவில்லை. தவறு அங்கேதான்.

அந்தப் பங்கு விற்பனைகளில் வந்த பணத்தையும் கவனியுங்கள். அரசு தன் கையிலிருந்த பங்குகளை விற்றது. ஆகவே பணம் திறைசேரிக்குப் போனது. தேயிலைச் செடிக்கு உரமாகவோ, ஒழுகும் லயத்துக்குக் கூரையாகவோ அது திரும்பி வரவில்லை. 1898இலும் இப்படித்தான். லண்டன் மக்கள் கட்டிய பணத்தில் பெரும்பகுதி, தொழிலை விற்ற லிப்டன் கைக்குப் போனது.

மூன்றாவது விற்பனை வந்தபோது பணம் போன திசை மாறியது. அது நடந்து அதிக காலமில்லை.

* * *

2023இன் தொடக்கம். நாடு அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததில் தேயிலை விளைச்சல் சரிந்திருந்தது. 2022இல் ரூபா விழுந்தது. ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. ஏப்ரலில் பங்குச் சந்தையையே ஒரு வாரம் மூடி வைத்தார்கள். ஆனால் தேயிலை வெளிநாட்டுக்கு விலை போகும் சரக்கு. டொலர் ஏறினால் ஏலத்தில் ரூபா விலையும் ஏறும். பெருந்தோட்டக் கம்பனிகள் நல்ல இலாபக் கணக்குக் காட்டின. அந்தச் சூட்டில் அக்கரப்பத்தனை பிளாண்டேசன்ஸ் பொது வழங்கலுக்கு வந்தது. ஏறத்தாழ 5 கோடியே 55 இலட்சம் பங்கு. ஒரு பங்கு 9 ரூபா. திரட்ட நினைத்தது 50 கோடி ரூபா.

லிப்டனின் தம்பேதன்ன லண்டனில் பங்கு வைக்கப்பட்டுச் சரியாக 125 வருடம் கழிந்து, அதே மலை கொழும்பில் பொது வழங்கலுக்கு வந்தது.

அப்போது நாட் சம்பளம் 1,000 ரூபா. அதில் அடிப்படைச் சம்பளம் 900 ரூபா. நூறு பங்கின் விலையும் 900 ரூபா. ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்தைக் கொடுத்தால், தான் நிற்கும் மலையை நடத்தும் கம்பனியில் நூறு பங்கு. எத்தனை பேருக்கு இந்தக் கணக்கைச் சொன்னோம்?

பங்கு வழங்கலில் சேர ஆசைப்படும் எந்தத் தனி ஆளும் தெரிந்துகொள்ள வேண்டியதை இந்த மலையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. தரகர் ஒருவர் மூலம் மத்திய வைப்பு முறைமையில் உங்கள் பெயரில் கணக்குத் திறக்க வேண்டும். 2020க்குப் பிறகு பங்குச் சந்தையின் கைப்பேசிச் செயலி வழியாகவே இதைச் செய்யலாம். கொழும்புக்கு ரயில் ஏறத் தேவையில்லை. பங்கு இப்போது தாளாக வராது. அந்தக் கணக்கில் எண்ணாக வரும்.

இரண்டாவது, விபரப் பத்திரம். பொது வழங்கலுக்கு வரும் கம்பனி தன்னைப் பற்றிய உண்மைகளை எழுதி வெளியிட வேண்டும் என்பது சட்டம். நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் படிக்க முடியாதவர்கள் நான்கு இடத்தையாவது தேடிப் படியுங்கள்.

என் பணம் எங்கே போகிறது? புதுப் பங்கு வெளியிட்டால் பணம் கம்பனிக்குள் போகும். பழைய பங்குக்காரர் தன் பங்கை விற்றால் பணம் அவர் சட்டைப் பைக்குப் போகும். 2023இல் புதுப் பங்கு. 1898, 1995 இரண்டிலிருந்தும் அது வேறுபட்டது இந்த இடத்தில்தான். கம்பனிக்குள் வந்த பணம் கடன் அடைக்கவா, மீள்நடுகைக்கா, ஸ்டோருக்குப் புது இயந்திரத்துக்கா என்றும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

நிலம் யாருடையது? தேயிலைக் கம்பனியின் பங்கை வாங்குபவர் நிலத்தை வாங்கவில்லை. நிலம் அரசுடையது. கம்பனிகளுக்கு 1992 ஜூனிலிருந்து 53 வருடக் குத்தகை. முதல் நான்கு வருடம் ஒரு தோட்டத்துக்கு வருடக் குத்தகைப் பணம் எவ்வளவு தெரியுமா? 500 ரூபா. பிறகுதான் 1996இல் உயர்த்தினார்கள். குத்தகை முடிவது 2045. ஆகவே 2023இல் பங்கு வாங்கியவர் வாங்கியது 22 வருடத்து மலையை.

பெரிய பங்கு யார் கையில்? பெரும்பங்கு ஒரு குழுமத்திடம் இருந்தால் தீர்மானம் அவர்களுடையது. சந்தையில் புரளும் பங்கும் குறைவாக இருக்கும். அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்க ஆள் கிடைக்காது.

தொழிலாளருக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு? 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட் சம்பளக்காரர் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். இன்று வேலை செய்பவர் எல்லாருக்கும் நாளை கொடுக்க வேண்டிய தொகை கம்பனியின் ஐந்தொகையில் பொறுப்பாக ஏறி நிற்கும். நாட் சம்பளம் கூடும்போது அந்தத் தொகையும் ஒரேயடியாகப் பாயும். தோட்டத்துப் பிள்ளைகளே, அந்த வரியைத் தேடிப் பாருங்கள். உங்கள் அம்மா அந்த வரியில் இருக்கிறார்.

மூன்றாவது, ஒதுக்கீடு. கேட்டவர் அதிகமானால் கேட்டதெல்லாம் கிடைக்காது. சிறு முதலீட்டாளருக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பது இங்கே நடைமுறை. கிடைக்காத பங்குக்குரிய பணம் திரும்பி வரும். இருபதாயிரம் ரூபாவுக்குக் கேட்டால் பத்தாயிரத்துக்குத்தானே கிடைக்கும் என்று கடன் வாங்கி இரட்டிப்பாக விண்ணப்பிக்காதீர்கள். ஆள் குறைந்த வழங்கலில் கேட்டது முழுக்கத் தலையில் விழும்.

நான்காவது, பட்டியலிடும் நாள். வழங்கல் விலை 9 ரூபா என்றால் சந்தையில் அது 12க்கும் திறக்கலாம், 7க்கும் திறக்கலாம். முதல் நாள் ஏற்றத்தை நம்பியே வாங்குகிறவர் முதலீடு செய்யவில்லை, பந்தயம் கட்டுகிறார்.

சந்தை எப்போது திறக்கும் என்று கேட்டால்தான் அடுத்த சிக்கல் தெரியும்.

* * *

காலை பெரட்டு முடிந்து கூடையைத் தலையில் மாட்டி மலை ஏறுகிறார்கள். பத்து மணிக்குள் பாதி நிரை முடிந்திருக்கும். பகல் நிறுவைக்கு மடுவத்துக்கு வந்து, தேநீர் குடித்து, மறுபடி மலைக்கு. அந்திக் கொழுந்து நிறுக்கும்போது நான்கு மணி தாண்டிவிடும். கொழும்புப் பங்குச் சந்தை காலை 9.30க்குத் திறந்து பிற்பகல் 2.30க்கு மூடுகிறது. சந்தையின் ஐந்து மணி நேரமும் கொழுந்து பறிக்கும் நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி செய்தார்கள். நியூயோர்க் சந்தையின் வழக்கமான நேரம் காலை 9.30 முதல் மாலை 4 மணி வரை. அதற்கு முன் விடியற்காலை 4 மணியிலிருந்தும், பின் இரவு 8 மணி வரைக்கும் மின்வலை வழியாக வாங்கவும் விற்கவும் முடியும். ஒரு காலத்தில் பெரிய நிறுவனங்கள் மட்டும் புழங்கிய அந்த நேரம் 1999 வாக்கில் தனி முதலீட்டாளருக்கும் திறந்தது. கம்பனிகள் தங்கள் காலாண்டுக் கணக்கைப் பெரும்பாலும் சந்தை மூடிய பிறகு வெளியிடுவதால், செய்தி வந்த நிமிடமே விலை அங்கே துள்ளும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. அந்த நேரத்தில் வாங்குபவரும் விற்பவரும் குறைவு. வாங்கக் கேட்கும் விலைக்கும் விற்கச் சொல்லும் விலைக்கும் இடைவெளி அகலம். பத்துப் பேர் செய்த வியாபாரம் விலையை உயர்த்தும். விடிந்து ஆயிரம் பேர் வந்ததும் அது கீழே இறங்கும். ஆகவேதான் அங்கே தரகர்கள் நீட்டித்த நேரத்தில் எல்லை விலை குறித்த கட்டளைகளை மட்டும் ஏற்கிறார்கள்: இந்த விலைக்கு மேல் வாங்க மாட்டேன், இந்த விலைக்குக் கீழே விற்க மாட்டேன் என்பது.

கொழும்பில் அப்படி ஒரு இரவுச் சந்தை இல்லை. ஆனாலும் அந்தப் பாடம் நமக்குத் தேவை. நமது தோட்டக் கம்பனிப் பங்குகள் பலவற்றில் பட்டப்பகலிலேயே வியாபாரம் மெல்லியதாக ஓடுகிறது. ஆகவே பகலிலும் எல்லை விலை குறித்தே கட்டளை கொடுங்கள். காலையில் சந்தை திறப்பதற்கு முன் கட்டளைகளைத் திரட்டி ஒரே திறப்பு விலை நிர்ணயிக்கும் நேரம் ஒன்று இருக்கிறது. மலைக்குப் போகுமுன் தரகரிடம் விலையையும் எண்ணிக்கையையும் சொல்லி வைத்துவிட்டுப் போகலாம். விற்றால் பணமும், வாங்கினால் பங்கும் வர இரண்டு வேலை நாள் ஆகும். ஒரு நல்ல பங்கை வருடக்கணக்கில் வைத்திருக்க நினைப்பவருக்கு நிமிடத்துக்கு நிமிடம் திரையைப் பார்க்கும் அவசியமே இல்லை.

இரவில் கைப்பேசியில் அமெரிக்கப் பங்கு, அந்நியச் செலாவணி, கிரிப்டோ என்று காட்டி, மாதம் இத்தனை வீதம் நிச்சயம் என்று ஆசை காட்டுகிறவர்களைப் பற்றி ஒரு சொல். நிச்சயம் என்று சொல்லும் பங்கு உலகில் எங்கும் இல்லை. பதுளை, பண்டாரவளைப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் நின்று சேர்த்த பணம் இப்படிப் போவதைக் கேட்கும்போது வயிறு எரிகிறது. பணம் கொடுக்குமுன், அந்தத் தரகர் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனைகள் ஆணைக்குழுவின் உரிமம் பெற்றவரா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

* * *

மலையக வாசகருக்குக் கொழும்பு முதலீட்டாளரிடம் இல்லாத ஒரு பலம் உண்டு. ஆண்டறிக்கையில் பச்சைப் படம் போட்டிருப்பார்கள். கவ்வாத்து தவறிய மலை எது, இரண்டு வருடமாக உரம் காணாத மலை எது, பற்றை மண்டி மானாப் புல் ஏறிய மலை எது, இளங்கன்று நட்ட மலை எது என்று உங்களுக்குத் தெரியும். ஊவாவுக்குக் கச்சான் காற்று எந்த மாதம் வீசுகிறது, ஜூலை முதல் செப்டெம்பர் வரை எந்த ஸ்டோரில் வாசமுள்ள தேயிலை வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தோட்டக் கம்பனிக்கு எதிர்காலம் இருக்கிறதா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கொழும்பின் எந்தத் திரையிலும் ஓடாது. சிலவேளை அந்தச் சாட்சி, இந்தப் பங்கை வாங்காதே என்றும் சொல்லும். அதையும் கேளுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். தொண்ணூறுகளில் கொடுத்த பங்குத் தாள்கள் எல்லாம் விற்கப்பட்டுவிடவில்லை. தகரப் பெட்டிக்குள், சேமலாப நிதிக் கடிதங்களோடும் பழைய பிறப்புச் சான்றிதழ்களோடும் உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கக்கூடும். தாத்தாவோ அப்பாயியோ தோட்டத்தில் வேலை செய்திருந்தால் தேடிப் பாருங்கள். கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள்; தெரியாத ஆளிடம் கையெழுத்துப் போட்டும் கொடுத்துவிடாதீர்கள். தாளில் உள்ள பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு கம்பனிச் செயலாளருக்கு எழுதுங்கள். இறந்தவர் பெயரில் இருந்தால் மரணச் சான்றிதழும் உரித்துப் பத்திரங்களும் கேட்பார்கள். பெயரெழுத்து மாறியிருந்தால் சத்தியக்கடதாசி கேட்பார்கள். அலைச்சல்தான். ஆனால் எடுக்காமல் கிடக்கும் பங்கிலாபமும் அதோடு சேர்ந்து இருக்கலாம்.

எந்தப் பங்குச் சந்தையிலும் விலைக்குக் கிடைக்காத பங்கு ஒன்றும் இந்தக் கம்பனிகளில் இருக்கிறது. ஒரு கம்பனிக்கு ஒன்றே ஒன்று. தங்கப் பங்கு என்று பெயர். அதை வைத்திருப்பவர் திறைசேரியின் செயலாளர். அவர் சம்மதம் இல்லாமல் கம்பனி குத்தகை நிலத்தை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. அவர் கேட்டால் கணக்கேடுகளைக் காட்டியாக வேண்டும். கோடிக்கணக்கான பங்குகளுக்கு நடுவே அந்த ஒற்றைப் பங்கு 30 வருடத்துக்கு மேலாகப் படுத்திருக்கிறது. 2045 ஜூனில் குத்தகை முடியும்போது லயத்துக்கும் காணிக்கும் உரிமை கேட்டு நிற்கப்போகும் மக்களுக்கு அது காவலாக நிற்குமா, கதவாக அடைபடுமா? அதை எழுதி வைத்த கம்பனி யாப்பின் வாசகங்களை அடுத்த வாரம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

அதற்குள் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

(தொடரும்)